அடுத்த வாரமும் சாப்பிட வா



இன்றைய பேச்சின் பொருள் ஒத்துணர்வு. அடுத்தவர் நிற்கும் இடத்தில் தன்னை நிறுத்திப் பார்க்கும் குணம். இதைப் பேச ராமநாதபுரம் மாவட்டத்தை விட்டு வெகுதூரம் போக வேண்டியதில்லை. ராமேசுவரம், கமுதி, ஏர்வாடி, பாக் நீரிணை என்று இந்த மண்ணிலும் இந்தக் கடலிலும் நடந்தவையே போதும். நம்மைத் தலைநிமிர வைப்பவை அவற்றில் உண்டு. தலைகுனிய வைப்பவையும் உண்டு. இரண்டையும் பேசுவோம்.

பேசும்போது ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொள்வோம். அடுத்தவர் வலி தெரிந்துவிட்டது, சரி. தெரிந்த பிறகு நம் பக்கத்தில் என்ன மாறியது? நம் இடம் மாறியதா? நம் வழக்கம் மாறியதா? நம் வசதியில் ஏதாவது குறைந்ததா? ஒன்றுமே மாறவில்லை என்றால் அந்த உணர்வுக்கு என்ன பெயர் வைப்பது?

முதலில் ராமேசுவரத்தின் ஒரு வகுப்பறைக்குப் போவோம்.

எண்பது ஆண்டுகளுக்கும் முந்தைய கதை. ஊர்த் தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. முன்வரிசையில் இரண்டு சிறுவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவன் தலையில் தொப்பி. இன்னொருவன் மார்பில் பூணூல். தொப்பி போட்டவன் படகுக்காரர் ஜைனுலாப்தீன் மகன் அப்துல் கலாம். பூணூல் போட்டவன் ராமநாதசுவாமி கோயிலின் தலைமை அர்ச்சகர் பட்சி லட்சுமண சாஸ்திரியின் மகன் ராமநாத சாஸ்திரி. அந்தப் பள்ளிக்குப் புதிதாக ஓர் ஆசிரியர் வருகிறார். அர்ச்சகர் மகனுக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் சிறுவன் உட்கார்ந்திருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. கலாமை எழுப்பிக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிடுகிறார்.

இந்த நிகழ்ச்சி நமக்கெல்லாம் தெரிந்ததுதான். 1999-ல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் கலாம் இதை எழுதியிருக்கிறார். ஆனால் அதில் ஒரு சிறு விவரத்தை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். அவர் மனத்தில் ஆழப் பதிந்தது, தான் கடைசி வரிசைக்குப் போனது மட்டும் அல்ல. முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்த நண்பன் அழுதது. எண்ணிப் பாருங்கள். அவனை யாரும் எழுப்பவில்லை, அவமதிக்கவில்லை. அவனுக்குக் கிடைத்தது மரியாதை, முதல் வரிசை. அந்த மரியாதைதான் அவனை அழ வைத்தது. பத்து வயதுப் பையனுக்கு இதை யாரும் பாடமாக நடத்தியிருக்க முடியாது.

பிள்ளைகள் இருவரும் வீட்டில் போய்ச் சொன்னார்கள். லட்சுமண சாஸ்திரி என்ன செய்தார்? மகனைத் தேற்றி, அத்தோடு விட்டிருக்கலாம். நண்பர் ஜைனுலாப்தீனைப் பார்த்து வருத்தம் சொல்லியிருக்கலாம். அவர் அந்த ஆசிரியரைக் கூப்பிட்டனுப்பினார். இரண்டு சிறுவர்களும் எதிரில் நிற்க, பிஞ்சு மனங்களில் பேதத்தை விதைக்காதீர் என்று கண்டித்தார். ஒன்று வருத்தம் தெரிவிக்க வேண்டும், இல்லையேல் பள்ளியையும் தீவையும் விட்டுப் போய்விட வேண்டும் என்றார். ஆசிரியர் வருந்தினார், திருந்தினார் என்கிறார் கலாம். அந்தத் தீவில் தலைமை அர்ச்சகர் சொல்லுக்கு இருந்த கனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் அந்தக் கனம் முழுவதையும் ஒரு படகுக்காரர் மகனுக்காகச் செலவிட்டார்.

அதே ஊர், அதே சிறுவன், இன்னொரு வீடு. சிவசுப்பிரமணிய ஐயர் அவனுடைய அறிவியல் ஆசிரியர். ஆசாரமான குடும்பம். ஒருநாள் அவர் கலாமைத் தம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். மடி ஆசாரம் பார்க்கும் அடுக்களையில் ஒரு முஸ்லிம் பையனா என்று மனைவி திகைத்துவிட்டார். பரிமாற மாட்டேன் என்று மறுத்துவிட்டார்.

இந்த இடத்தில் சற்று நிற்போம். ஐயர் இப்போது என்ன செய்யலாம்? மனைவியைத் திட்டலாம். அல்லது, வீட்டில் வசதிப்படவில்லை, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று பையனை அனுப்பிவிடலாம். இரண்டையும் அவர் செய்யவில்லை. தம் கையாலேயே கலாமுக்குப் பரிமாறினார். அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து தாமும் சாப்பிட்டார். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று மனைவி பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாடு முடிந்து பையன் கிளம்பும்போது, அடுத்த வாரமும் வர வேண்டும் என்று ஐயர் மறுபடி அழைத்தார். அவன் தயங்கினான். மாற்ற வேண்டும் என்று ஒன்றைத் தொடங்கினால் இப்படிப்பட்ட சங்கடங்களைத் தாண்டித்தான் ஆக வேண்டும் என்று தைரியம் சொன்னார்.

அடுத்த வாரம் போனான். அந்த அம்மையாரே அவனை அடுக்களைக்குள் அழைத்துப்போய்த் தம் கையால் பரிமாறினார்.

முதல் அழைப்பை நல்ல மனம் படைத்த யாரும் விடுத்திருப்பார்கள். இரண்டாவது அழைப்புதான் அரிது. முதல் நாள் வீட்டில் கசப்பு வந்துவிட்டது. கசப்பு வந்த பிறகும் அழைத்தார் பாருங்கள், அங்கேதான் அந்த மனிதரின் உயரம் தெரிகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவர் பையன் நிலையை மட்டும் புரிந்துகொள்ளவில்லை, மனைவியின் நிலையையும் புரிந்துகொண்டார். பிறந்ததிலிருந்து ஒரு வழக்கத்தில் ஊறிய பெண்ணை ஒரே நாளில், அதுவும் விருந்தாளி முன்னால், அதட்டித் திருத்த முடியாது. அவருக்கு ஒரு வாரம் தேவைப்பட்டது. அந்த ஒரு வாரத்தை ஐயர் கொடுத்தார். தவறு செய்பவரையும் புரிந்துகொள்ளலாம். அதற்காகத் தவறை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. இன்றைக்கு நம் வீட்டுச் சண்டைகளில், சாதி மதம் பேசும் சண்டைகளில், கையில் இருக்கும் செல்பேசியில் நடக்கும் சண்டைகளில் இந்த ஒன்று மட்டும் இருந்தால் எவ்வளவு கதவுகள் திறந்திருக்கும்?

வெளியாட்களிடம் காட்டும் பரிவை நாம் வீட்டுக்குள் மறந்துவிடுகிறோம். கலாம் மாணவர்களிடம் அடிக்கடி சொன்ன இன்னொரு நிகழ்ச்சி அதைக் காட்டும். இரண்டாம் உலகப் போர்க்காலம். உணவுப் பொருள்களுக்குத் தட்டுப்பாடு. பெரிய குடும்பம். ஒருநாள் தாயார் ஆஷியம்மா சப்பாத்தி சுட்டுச் சுட்டுப் போட, கலாம் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். சாப்பிட்டு முடித்த பிறகு அண்ணன் தனியே அழைத்துச் சொன்னார்: அம்மா தனக்கு இருந்ததையும் உனக்கே கொடுத்துவிட்டார், அவருக்கு ஒன்றும் மிச்சமில்லை. சிறுவன் உடல் நடுங்கிப்போனான். ஓடிப்போய்த் தாயைக் கட்டிக்கொண்டான்.

இந்த அவையில் எத்தனை வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுபவர் யார் என்று மற்றவர்களுக்குத் தெரியும்? அவர் தட்டில் என்ன இருந்தது என்று தெரியும்? கலாமின் அண்ணன் செய்தது பெரிய உதவி. அவர் தம்பிக்குக் கண்ணைத் திறந்துவிட்டார். குழந்தைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும். தானாக வந்துவிடும் என்று விட்டுவிடக்கூடாது. பின்னாளில் சென்னை எம்.ஐ.டி.யில் சேரப் பணம் இல்லாமல் தவித்தபோது அக்கா ஜொஹ்ரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அதைத் தம் சம்பாத்தியத்தில்தான் மீட்டுத் தருவேன் என்று தம்பி உறுதிகொண்டார். சப்பாத்தியில் கற்ற பாடம் வீணாகவில்லை.

இனி 1897-க்குப் போவோம். அந்த ஆண்டு சனவரியில், சிகாகோவில் பேசி உலகப்புகழ் பெற்ற விவேகானந்தர் இலங்கை வழியாகப் பாம்பனில் வந்து இறங்கினார். வரவேற்றவர் அவருடைய அமெரிக்கப் பயணத்துக்குத் துணைநின்ற ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி. சனவரி 27 அன்று ராமேசுவரம் கோயிலில் சுவாமிகள் பேசினார். எங்கே நின்று என்ன பேசினார் என்பதுதான் வியப்பு. நாடெங்கிலுமிருந்து மக்கள் சிவலிங்கத்தைத் தரிசிக்க வரும் இடத்தில் நின்றுகொண்டு, ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்பவனே சிவனை உண்மையாக வழிபடுகிறான் என்ற கருத்தைச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த சேதுபதி நெகிழ்ந்து, மறுநாள் ஆயிரக்கணக்கான ஏழைகளுக்கு உணவும் உடையும் வழங்கினார் என்று சுவாமிகளின் வரலாறு சொல்கிறது.

இதோடு நிறுத்தினால் கதை இனிமையாக இருக்கும். ஆனால் நம் கையில் ஒரு கேள்வி இருக்கிறதே.

அதே 1897, மே மாதம். இந்தச் சீமையின் கமுதியில், அன்று கோயிலுக்குள் அனுமதிக்கப்படாத நாடார் குடும்பத்தினர் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்து வழிபட்டார்கள். அதை எதிர்த்துக் கோயிலின் பரம்பரைத் தர்மகர்த்தா என்ற முறையில் வழக்குப் போட்டவர் அதே பாஸ்கர சேதுபதி. வழக்கு மதுரையிலிருந்து சென்னைக்குப் போய், லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. சேதுபதி அப்போது உயிரோடு இல்லை.

வாரி வழங்கிய அந்த வள்ளலைக் குறைசொல்ல இது சொல்லப்படவில்லை. அவருடைய கொடை உண்மை. ஆனால் ஆயிரம் பேருக்குச் சோறு போடுவது ஒரு செயல், ஒருவருக்குக் கதவைத் திறந்துவிடுவது வேறு செயல். சோறு போடும்போது கொடுப்பவர் இடம் அப்படியே இருக்கிறது, இன்னும் சற்று உயரவும் செய்கிறது. கதவைத் திறந்தால் இரண்டு பேரும் ஒரே தளத்தில் நிற்க வேண்டிவரும். அது கடினம். 1939-ல் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டவர்களையும் நாடார் ஒருவரையும் உள்ளே அழைத்துப்போகும் வரை மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் கதவும் அப்படித்தான் திறக்கவில்லை. நம் ஊர்களில் அன்னதானத்துக்குக் குறைவே இல்லை. கதவுகளின் கணக்கை நாம் எப்போது எடுப்போம்?

அன்றாட வாழ்வில் நம்மைத் தடுப்பது எப்போதும் கெட்ட எண்ணமும் அல்ல. பல நேரம் வெறும் அவசரம். 1973-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் டார்லி, பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாதிரியார் ஆவதற்குப் படிக்கும் மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் பேச அனுப்பினார்கள். சிலருக்குக் கொடுத்த தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் கதை. போகும் வழியில் ஓர் ஆள் வாசலோரம் சரிந்து, இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். யார் நின்றார்கள்? நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் நூற்றுக்கு 63 பேர் விகிதம் நின்று உதவினார்கள். நேரமாகிவிட்டது, ஓடு என்று சொல்லப்பட்டவர்களில் 10 பேர் விகிதம்தான். என்ன தலைப்பில் பேசப்போகிறார்கள் என்பது பெரிய வேறுபாட்டைத் தரவில்லை. பரிவைப் பற்றிப் பேசப்போகிறவர்களே பரிவு தேவைப்பட்ட மனிதரைக் கடந்து போனார்கள்! மேடையில் நிற்பவருக்கும் சேர்த்துத்தான் இந்த எச்சரிக்கை. அரசு மருத்துவமனைச் சீட்டு வரிசையில், ரேஷன் கடையில், வகுப்பறையில் நாம் கடுகடுக்கும் நேரங்களை எண்ணிப் பார்த்தால், அவற்றில் பாதி அவசரத்தின் பிள்ளைகளாகவே இருக்கும்.

அவசரத்துக்குக்கூடச் சாக்கு உண்டு. சாக்கே இல்லாத ஒன்றை இப்போது பேசியாக வேண்டும்.

2001 ஆகஸ்டு 6. ஏர்வாடி. மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தின் ஓலைக் கொட்டகையில் விடியற்காலையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களில் பலர் ஓடவில்லை. ஓட முடியவில்லை. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள்.

அந்தச் சங்கிலிகள் ஒளித்து வைக்கப்பட்டவை அல்ல. அங்குள்ள தர்காவுக்கு வந்தவர்கள் பார்த்தார்கள். கடைக்காரர்கள் பார்த்தார்கள். பேருந்தில் வந்து இறங்கியவர்கள் பார்த்தார்கள். பார்த்துப் பார்த்துப் பழகிப்போனார்கள். கண்ணுக்கு முன்னால் இருப்பது பழகிவிட்டால் அது வலியாகத் தெரிவதில்லை. அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. மாநிலத்துக்கே பெரிய அரசு மனநல மருத்துவமனை என்று இருந்தது சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஒன்றுதான். நாள்கூலிக்காரர் ஒருவர் தன் மகனையோ தங்கையையோ எத்தனை முறை அங்கே கூட்டிப்போக முடியும்? களைத்துப்போய், கடன்பட்டு, தர்காவில் குணமாகும் என்ற நம்பிக்கை ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். அந்த நம்பிக்கையைக் காசாக்கிய காப்பகங்கள் குற்றவாளிகள். கண்டும் காணாமல் இருந்த நாமெல்லோரும் எந்தக் கணக்கில் வருவோம்?

தீக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. ஏர்வாடிக் காப்பகங்கள் மூடப்பட்டன. நூற்றுக்கணக்கான நோயாளிகள் அரசின் பராமரிப்புக்கு மாற்றப்பட்டார்கள். 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று தடைசெய்தது. இவற்றைவிட நெகிழ வைக்கும் மாற்றம் ஏர்வாடியிலேயே நடந்தது. வேண்டிக்கொள்ள வருகிறவர்களை விரட்டாமல், அவர்கள் நம்பிக்கையைப் பழிக்காமல், தர்காவிலேயே மனநல மருத்துவரும் மருந்தும் கிடைக்க அரசு வழிசெய்தது. துஆ என்னும் வேண்டுதலும் இருக்கட்டும், மருந்தும் இருக்கட்டும் என்ற ஏற்பாடு. சிவசுப்பிரமணிய ஐயர் வீட்டில் நடந்ததும் இதுதானே! எதிரில் இருப்பவர் எங்கே நிற்கிறாரோ அங்கிருந்து தொடங்குவது.

கடைசியாகக் கடலுக்கு வருவோம். நம் கரையில் இன்னும் முடியாத கணக்கு அங்கேதான் இருக்கிறது.

ராமேசுவரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. இந்த ஏற்பாடு வானத்திலிருந்து விழவில்லை. விசைப்படகின் இழுவலை நாட்டுப்படகுக்காரர் வலையை அறுத்துக்கொண்டு போய், கைகலப்பும் மோதலும் ஏற்பட்ட பிறகு பிறந்தது. குதிரைத்திறன் அதிகமுள்ளவர், பணம் அதிகம் போட்டவர், வாரத்தில் நான்கு நாள் கரையில் நிற்க ஒப்புக்கொண்டார். ஏன்? வலை அறுந்தவர் அதே தெருவில் இருந்தார். அவர் பிள்ளைகளும் இவர் பிள்ளைகளும் ஒரே பள்ளிக்குப் போனார்கள். அவர் முகம் தினமும் கண்ணில் பட்டது.

பாக் நீரிணையின் அந்தப் பக்கத்து மீனவர் முகம் நம் கண்ணில் படவில்லை. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கும் தமிழ் மீனவர்கள் 1983-லிருந்து 2009 வரை போரில் எல்லாவற்றையும் இழந்தவர்கள். கடலுக்குப் போகத் தடை, இடம்பெயர்வு, உயிரிழப்பு. அவர்களில் பலர் அகதிகளாக ராமேசுவரத்தில் வந்து இறங்கினார்கள், மண்டபம் முகாமில் வாழ்ந்தார்கள், நம் படகுகளிலேயே கூலிக்கு ஏறினார்கள். இந்தக் கரை அவர்களுக்குச் சோறு போட்டது. அதில் நமக்குப் பெருமை உண்டு. போர் முடிந்து ஊர் திரும்பி, கடன் வாங்கிச் சிறிய படகும் வலையும் வாங்கிக் கடலில் இறங்கினார்கள். இரவில் நம் விசைப்படகுகளின் இழுவலை வந்து அந்த வலைகளை அறுத்துக்கொண்டு போகிறது. தொப்புள்கொடி உறவு என்று மேடையில் சொல்கிறோம். ஒரு வலை போனால் அந்தக் குடும்பம் எத்தனை மாதம் கடன் கட்டும் என்று கேட்டிருக்கிறோமா?

நம் பக்கத்து வலியும் சிறியதல்ல. இலங்கைக் கடற்படையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்கள் உண்டு. சிறைப்பட்டவர்கள் உண்டு. படகு பறிபோய்க் கடனில் மூழ்கியவர்கள் உண்டு. பிடிபடுகிறவர் பெரும்பாலும் படகின் சொந்தக்காரர் அல்ல, பங்குக்குப் போன தொழிலாளி. அவர் மனைவி தங்கச்சிமடத்துச் சாலையில் உட்கார்ந்து மறியல் செய்கிறார். தலைமன்னாரில் வலை இழந்தவர் மனைவி அதே நாளில் அவர் ஊரில் மறியல் செய்கிறார். இருவரும் தமிழில்தான் அழுகிறார்கள். இருவருக்கும் மற்றவர் அழுவது கேட்பதில்லை.

கேட்ட காலமும் உண்டு. 2010 ஆகஸ்டில் வடமாகாண மீனவப் பிரதிநிதிகள் தமிழ்நாட்டுக்கு வந்து நம் மீனவர்களுடன் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார்கள். அமைச்சர்கள் பேசவில்லை, அதிகாரிகள் பேசவில்லை, கடலுக்குப் போகிறவர்கள் பேசினார்கள். இலங்கைக் கடற்பரப்பில் இழுவலை போடுவதை ஓராண்டுக்குள் நிறுத்துவது என்று நம்மவர்கள் ஒப்புக்கொள்ளும் அளவுக்கு அந்தப் பேச்சு போனது. அரசுகள் பல ஆண்டுகளாகச் செய்ய முடியாததை அவர்கள் சில நாட்களில் எட்டினார்கள். அது நடைமுறைக்கு வரவில்லை. இழுவலையை விட்டு ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாறுவதற்கான அரசுத் திட்டம் 2017-ல் வந்தது, மெதுவாகத்தான் நகர்ந்தது. முதல் அழைப்பு நடந்துவிட்டது, கசப்பும் வந்துவிட்டது. கசப்பைத் தாண்டும் இரண்டாவது அழைப்புதான் இப்போது வேண்டும்.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் இரண்டு கரை மக்களும் ஒரே பூசையில் நிற்கிறார்கள். ஒரே மணலில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பேசுவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. மீனவர் சங்கத் தலைவர்களே, படகு உரிமையாளர்களே, இந்த அவையில் இருக்கும் பங்குத்தந்தையரே, ஜமாத்தாரே, ஊர்ப் பெரியவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த திருவிழாவில் வலை இழந்த பெண்களையும் கணவர் சிறையில் இருக்கும் பெண்களையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசவிடுங்கள். முதலில் அவர்கள் பேசட்டும், நீங்கள் கேளுங்கள். பிறகு அவர்களை ராமேசுவரத்துக்கு அழையுங்கள். அழைப்பு இந்தக் கரையிலிருந்து போகட்டும், ஏனென்றால் பெரிய படகு நம்முடையது.